வாசகர் கேட்டவை: தேங்காய் இல்லாத தேங்காய்ப் போத்தல்

சென்ற இதழில் என் நிலவறை அலுமாரியைப் பற்றி எழுதியிருந்தேன். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் தரைப்படைச் சிப்பாய் இடுப்பிலும் தோளிலும் மாட்டிக்கொண்டு திரிந்த சாமான்கள் அதில் இருக்கின்றன. அதிலும் தோலுக்குப் பதில் கடதாசி, அலுமினியத்துக்குப் பதில் உருக்கு, கம்பளிக்குப் பதில் மரம் என்று மாற்றுப்பொருளில் செய்தவை மட்டும். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் முதலில் அது.

க. ம., நாகர்கோவில்: ‘தேங்காய்ப் போத்தல்’ ஒன்று வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஜேர்மன்காரனுக்குத் தேங்காய் எங்கிருந்து கிடைத்தது?

கிடைக்கவில்லை. அந்தப் போத்தலில் தேங்காய் ஒரு சில்லுகூடக் கிடையாது. சேகரிப்பவர்கள் வைத்த பட்டப்பெயர் அது. உள்ளே இருப்பது வழக்கமான அலுமினியத் தண்ணீர்ப் போத்தல், ஏறத்தாழ முக்கால் லீற்றர் பிடிக்கும். அதைச் சுற்றி மரத்தையும் செயற்கைப் பிசினையும் சேர்த்துச் சூட்டில் அழுத்திய கபில நிற ஓடு. தும்பு வழித்து மினுக்கிய தேங்காய் போலவே இருக்கும். நகத்தால் தட்டினால் சிரட்டைச் சத்தம்தான். 2004இல் அம்மா நான் வாழும் ஜேர்மனிக்கு வந்திருந்தபோது அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சிரட்டையை என்ன வடிவாக மினுக்கியிருக்கிறாங்கள்” என்றா. நான் திருத்தவில்லை.

சாதாரணப் போத்தலுக்குக் கம்பளி ஃபெல்ட் உறை. நனைத்துவிட்டால் தண்ணீர் குளிர்ந்திருக்கும். நடக்கும்போது உலோகம் உலோகத்தில் அடித்துச் சத்தம் போடாது. மர ஓடு போட்டது பாலைவனத்துக்கும் மலைக்கும் என்று வந்தது. வெயிலில் கொதிக்காமலும் பனியில் சட்டென்று உறையாமலும் காக்கும். ஆகவே இதை முழுக்க முழுக்கத் தட்டுப்பாட்டின் பிள்ளை என்று சொல்ல மாட்டேன். கம்பளி மிச்சமானது கூடுதல் இலாபம். என்னுடையதில் கழுத்தடியில் ஒரு வெடிப்பு உண்டு, அதன் வழியே அலுமினியம் பளிச்சென்று தெரியும். அந்த வெடிப்பால்தான் எனக்குக் கட்டுப்படியான விலையில் கிடைத்தது.

த. செ., லண்டன்: ‘எர்சாட்ஸ்’ என்ற சொல்லை அடிக்கடி பயன்படுத்துகிறீர்கள். டாங்கியும் விமானமும் செய்த நாட்டுக்கு ஒரு தோல் வார் செய்ய வழியில்லாமல் போனது எப்படி?

எர்சாட்ஸ் என்றால் ஈடு, பதில், மாற்று. இங்கே வாகனத்துக்கு உதிரிப்பாகம் வாங்கப் போனாலும் அந்தச் சொல்தான் வரும். அதற்குக் கெட்ட பெயர் வந்தது முதல் உலகப் போரில். பிரித்தானியக் கடற்படை கடல்வழியை அடைத்ததும் வறுத்த பார்லியும் சிக்கரியும் கோப்பியானது. கடதாசி நூலில் துணி நெய்தார்கள். அந்த நினைவு ஆறவே இல்லை. 1936இல் ஹிட்லரின் அமைச்சர் கோரிங்கின் பொறுப்பில் நான்காண்டுத் திட்டம் போட்டபோது, அடுத்த முறை கடல் அடைபட்டாலும் தாங்க வேண்டும் என்ற கணக்கு அதில் இருந்தது.

கைவசம் ஏராளமாக இருந்தது நிலக்கரி. கூடவே மரம். இந்த இரண்டிலிருந்தும் எதையெல்லாம் பிழியலாமோ அதையெல்லாம் பிழிந்தார்கள். நிலக்கரியிலிருந்து பெற்றோல். நிலக்கரி வழியாகவே ‘பூனா’ என்ற செயற்கை ரப்பர். பூட்டாடையீன், நாட்ரியம் (அதாவது சோடியம்) என்ற இரண்டு சொற்களின் தலை எழுத்துகள், நம் புனேயோடு சம்பந்தமில்லை. மரக்கூழிலிருந்து ‘ட்செல்வொல்லெ’ என்ற நார். அதைக் கம்பளியோடு கலந்து சீருடை. நிலக்கரித் தாரிலிருந்து ஃபீனால், ஃபீனாலிலிருந்து பேக்கலைட் என்ற கடினமான பிளாஸ்டிக். பேக்கலைட்டைக் கண்டுபிடித்தவர் பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பேக்கலண்ட், ஆண்டு 1907. அதற்கான தொழிற்சாலை பெர்லினுக்குப் பக்கத்தில் எர்க்னர் என்ற ஊரில் 1910 வாக்கிலேயே வந்துவிட்டது.

அலுமினியம் விமானத்துக்குப் போனது. சிப்பாய்க்கு மிஞ்சியதைக் காட்ட அவனுடைய கோப்பை ஒன்றே போதும். போருக்கு முன்னால் போத்தலின் தலையில் கவிழ்த்து மாட்டிய கோப்பை கறுப்புப் பூசிய அலுமினியம். வழியில் குந்தியிருந்து, ‘எஸ்பிட்’ என்ற திட எரிபொருள் வில்லை ஒன்றைப் பற்றவைத்து அதன் மேல் வைத்தால் தேநீர். பிறகு பேக்கலைட் கோப்பை வந்தது. சூடாக ஊற்றினால் உதடு பொசுக்காது, அது நல்லதுதான். ஆனால் நெருப்பில் வைக்க முடியாது. அதாவது கோப்பை கையில் இருக்கிறது, தண்ணீரைக் கொதிக்கவைக்க வேறொரு பாத்திரம் தேவை. என்னிடம் உள்ள பேக்கலைட் கோப்பை ஒன்றின் அடி கொப்புளித்து நரைத்துப் போயிருக்கிறது. யாரோ ஒருவன் பழைய பழக்கத்தில் நெருப்பில் வைத்துவிட்டான்.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். சென்ற இதழில் ‘மரம் போய் பேக்கலைட் வந்தது’ என்று துவக்கு முனைக் கத்தியின் பிடியைப் பற்றி எழுதினேன். பாதிதான் சரி. பேக்கலைட் வந்தது, போரின் கடைசிக் கட்டத்தில் மறுபடி மரம் வந்துவிட்டது. மாற்றுப்பொருளுக்கே மாற்று தேட வேண்டிய நிலை.

பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர், மதுரை: நாசிகளின் குப்பையைக் காசு கொடுத்து வாங்கி அழகு பார்ப்பதற்கு வெட்கமாக இல்லையா? தமிழ்ப் பத்திரிகையில் இதற்கு இடம் ஏன்?

கோபம் நியாயமானது. பதில் கொஞ்சம் நீளும்.

நான் 1993இல் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவன். அதற்கு முந்தைய மூன்று வருடங்கள் பொருளாதாரத் தடைக்குள் இருந்தோம். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டுத் திரி வைத்து எரித்தோம். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். மிதிப்பவர் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைப்பார். சவர்க்காரம் இல்லாத நாட்களில் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தோம். மோட்டார் சைக்கிளுக்கு நாலு துளி பெற்றோல் காட்டிக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், ஊரே புகை.

1999இல் இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில், கடதாசியை அழுத்திச் செய்த கத்தி உறை ஒன்றைக் கையில் எடுத்தேன். தோல் மாதிரியே மேலே வரி போட்டு, கறுப்புப் பூசி, வெட்டுவாயில் மட்டும் உண்மை தெரிந்தது: அடுக்கடுக்காகக் கடதாசி. ‘அட, உங்களுக்குமா?’ என்று மனதுக்குள் கேட்டேன். அன்று பிடித்தது.

ஆனால் அந்த ‘உங்களுக்குமா’ ரொம்பத் தூரம் போகக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். இந்தப் படை சோவியத் நகரமான லெனின்கிராட்டைச் சுற்றி 872 நாள் அடைத்து நின்றது. உள்ளே மக்கள் தோல் வாரை அவித்துத் தின்ற காலம் அது. அதே தோல் வார் கிடைக்காத ஜேர்மன் சிப்பாய்க்காக என்னால் கண் கலங்க முடியாது. மேலே சொன்ன பூனா ரப்பருக்காக அவுஷ்விட்ஸுக்குப் பக்கத்தில் மொனோவிட்ஸில் ஓர் ஆலை கட்டினார்கள். 1942 அக்டோபரிலிருந்து அதற்கென்றே ஒரு தடுப்பு முகாம். கைதிகள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ரப்பர் உற்பத்தி அங்கே தொடங்கவே இல்லை. போரின் பிற்பகுதியில் செய்த எந்தச் சாமானை எடுத்தாலும் அதில் கட்டாயத் தொழிலாளியின் கை பட்டிருக்கலாம் என்று எண்ணித்தான் தொடுகிறேன்.

நாசிக் கட்சியின் ஆயுதப்படையான எஸ்எஸ்ஸின் சாமான், பதக்கம், கட்சிச் சின்னம் எதையும் நான் வாங்குவதில்லை. ஸ்வஸ்திகாவைப் பொது இடத்தில் காட்டுவது ஜேர்மன் தண்டனைச் சட்டம் 86அ பிரிவின்படி குற்றம். ஆராய்ச்சி, கல்வி, வரலாறு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. சந்தையில் அந்த இடத்தின் மேல் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டித்தான் வைப்பார்கள். ஸ்டிக்கரை உரித்துக் காட்டட்டுமா என்று கண்ணடித்துக் கேட்கும் வியாபாரியிடம் நான் மேற்கொண்டு கதைப்பதில்லை.

எஸ். ஆர்., கோயம்புத்தூர்: நானும் பிளாஸ்டிக் தொழிலில் இருப்பவன். பேக்கலைட் சாமான் அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

தொழில்காரர் கேட்டால் தொழில்காரனாகவே பதில் சொல்லலாம். மேற்கு ஜேர்மனியின் சவுவர்லாண்ட் பகுதியில் ஓர் ஆலையில் 26 வருடம் சட்டிக் கைப்பிடியும் சுவிட்ச் பாகமும் அழுத்தினேன். ஃபீனால் பொடியைச் சூடான அச்சில் கொட்டி, மூடி அழுத்தி, இறுகும்வரை காத்திருந்து எடுக்க வேண்டும். விளிம்பில் பிதுங்கி வரும் மெல்லிய சவ்வை அரத்தால் தேய்த்து எடுப்போம். 1940களின் கோப்பையும் அப்படித்தான் பிறந்தது. அச்சு சேரும் கோட்டில் விரலை ஓட்டினால் அரம் போன தடம் நகத்தில் தட்டும். போலிகளில் பல, உருக்கிய பிளாஸ்டிக்கை ஊசி வழியே ஏற்றிச் செய்தவை. அவற்றின் அடியில் தொப்புள் மாதிரி ஒரு புள்ளி இருக்கும். பிளாஸ்டிக் உள்ளே போன வாசல். உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். அந்தத் தொப்புளைப் பார்த்ததும் மேசையில் திரும்ப வைத்துவிடுவேன்.

இன்னொன்று, மணம். கோப்பையின் உள்பக்கத்தைச் சூடாகும்வரை பெருவிரலால் தேய்த்து முகர்ந்தால் பழைய கார்பாலிக் சவர்க்கார மணம் வரும். வந்தால் ஃபீனால். ஆனால் ஃபீனால் சாமான் போருக்குப் பின்னும் நெடுங்காலம் செய்தார்கள், ஆகவே மணம் ஆண்டு சொல்லாது.

ஆண்டுக்கு முத்திரைதான். பெர்லின் டாலெமில் இருந்த பொருட்சோதனை நிலையத்தின் கட்டுப்பாட்டுக் குறி சில துண்டுகளில் இருக்கும்: மேலே ஆலை எண், கீழே கலவையின் எழுத்து. ‘எஸ்’ என்றால் மரத்தூள் கலந்தது, ‘டி’ என்றால் துணித் துணுக்கு. வேறு சாமான்களில் ஆலைப் பெயரும் ஊரும் அடித்திருக்கும். 1940க்குப் பிறகு பெயரை மறைத்து மூன்றெழுத்துச் சங்கேதம், எந்த ஆலை எங்கே என்று எதிரிக்குத் தெரியாமலிருக்க. 1943 வாக்கில் பல சாமான்களில் அதற்குப் பதில் ‘ஆர்பி’ என்று தொடங்கும் நீண்ட எண் வருகிறது. ஒரு சாமானில் 1938 என்ற ஆண்டும் ஆர்பி எண்ணும் ஒன்றாக இருந்தால், அடித்தவன் சரித்திரம் படிக்கவில்லை.

இத்தனை தெரிந்தும் ஏமாந்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில் 140 யூரோ கொடுத்து ஒரு கத்தி உறை வாங்கினேன். கடதாசி அடுக்கு சரி, கறுப்பு சரி, முத்திரை சரி. வீட்டுக்கு வந்து கள்ளக் காசு பார்க்கும் புறஊதா விளக்கைக் காட்டினேன். தையல் நூல் கலியாண வீட்டுச் சரவிளக்கு மாதிரி எரிந்தது. நூலை வெண்மையாக்கும் அந்த இரசாயனம் போருக்குப் பிறகுதான் எங்கும் பரவியது. அசலான துணியைக்கூட இன்றைய சலவைத் தூளில் தோய்த்தால் ஒளிரும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆனால் கத்தி உறையை யார் சலவைக்குப் போடுவார்கள்? விற்றவர் அடுத்த கண்காட்சியில் என்னை அடையாளமே தெரியாதவர் போல நின்றார்.

வ. ஜெ., மட்டக்களப்பு: அழுத்திய கடதாசிச் சாமானை எப்படித் துப்புரவாக்குவது? தோலுக்குப் பூசும் எண்ணெய் போடலாமா?

வேண்டாம். தண்ணீரும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். ‘பிரெஸ்ஷ்டொஃப்’ என்று அதற்குப் பெயர். கடதாசிக்கூழை அடுக்கிப் பதப்படுத்தி அழுத்தியது. தோல் எண்ணெயைக் குடிக்கும், இது குடித்தால் நெகிழும்.

நான் கற்ற விதத்தைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் மண்வெட்டி உறை ஒன்று கிடைத்தது. சிறிய மடக்கு மண்வெட்டியை இடுப்பில் மாட்டும் உறை. சேறு காய்ந்து கல்லாக இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் இரவு ஊறப் போட்டேன். காலையில் பார்த்தால் வாழைமடலை உரித்த மாதிரி ஒவ்வொரு அடுக்காகக் கழன்று மிதக்கிறது. உள்ளே அழுத்தமான பழுப்பு, இன்னும் உள்ளே சாம்பல். மனைவி எட்டிப் பார்த்து, “கூழ் காய்ச்சுறியளோ?” என்று கேட்டுவிட்டுப் போனா. வார்கள் மட்டும் தப்பின, அவை உண்மையான தோல். இந்தப் பொருள் திரும்பத் திரும்ப மடித்தால் வெடித்துவிடும் என்று செய்தவர்களுக்கே தெரியும். அதனால் மடியும் இடத்துக்கும் இழுபடும் இடத்துக்கும் மட்டும் தோலை ஒதுக்கிவைத்தார்கள்.

காய்ந்த மென் தூரிகை, பொறுமை, அவ்வளவுதான். உங்கள் ஊர் ஈரப்பதனுக்கு இறுக மூடிய பிளாஸ்டிக் பையில் வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும்.

ப. இ., வேலூர்: தாத்தா இந்திய இராணுவத்தில் இருந்தவர். ஜேர்மன் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்ததாக வீட்டில் சொல்வார்கள். உருக்குப் போத்தல், மேலே சிவப்புக் கபில எனாமல், கழுத்தில் ‘43’ என்று இருக்கிறது. உண்மையா?

போத்தலைப் பொறுத்தவரை நம்பும்படியாக இருக்கிறது. ஆப்பிரிக்காவைப் பொறுத்தவரை இடிக்கிறது. வட ஆப்பிரிக்காவில் சண்டை 1943 மே மாதம் துனீசியாவில் முடிந்தது. ஜேர்மன் தளபதி ஃபொன் ஆர்னிம் சரணடைந்தது 4ஆவது இந்தியப் படைப்பிரிவிடம். அங்கே கிடைத்திருக்கக்கூடியவை பெரும்பாலும் அலுமினியப் போத்தல்கள். எனாமல் பூசிய உருக்கு, அலுமினியம் சிப்பாய்க்குக் கட்டுப்படியாகாமல் போன பிற்காலத்துச் சரக்கு. அதற்குப் பிறகு 4, 8, 10ஆவது இந்தியப் படைப்பிரிவுகள் இத்தாலியில் போரிட்டன. தாத்தா இத்தாலிக்கும் போயிருப்பாரா என்று அவருடைய பணிப் பதிவில் பாருங்கள். வீட்டில் எல்லாவற்றையும் ‘ஆப்பிரிக்கா’ என்று சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கலாம். எனாமல் உடைந்த இடத்தில் துரு இருந்தால் சுரண்டாதீர்கள். விற்கவும் வேண்டாம், சந்தையில் அதற்குப் பெரிய விலை இல்லை, உங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

அ. ந., சென்னை: சுபாஷ் சந்திர போஸ் ஜேர்மனியில் அமைத்த இந்தியப் படையும் இந்தச் சாமான்களைத்தான் பயன்படுத்தியதா?

ஆம். டிரெஸ்டன் அருகே கேனிக்ஸ்ப்ரூக்கில் பயிற்சி பெற்ற 950ஆவது ரெஜிமெண்ட் அது. பெரும்பாலும் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியக் கைதிகள். 1943இல் நெதர்லாந்துக்கும் பிறகு பிரான்சின் மேற்குக் கரையில் லக்கனோவுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஜேர்மன் சீருடை, ஜேர்மன் இடுப்பு வார், ஜேர்மன் போத்தல். கையில் மட்டும் மூவர்ணத்தில் பாயும் புலிச் சின்னம். அந்தக் கைச்சின்னத்தின் போலிகள் மலிந்து கிடக்கின்றன. இந்திய வாசகர் யாராவது ‘குறைந்த விலையில் கிடைக்கிறது’ என்று எனக்கு எழுதுவதற்கு முன் அந்த விலையை ஒருமுறை யோசித்துப் பார்க்கவும்.

ர. சு., டொரொன்டோ: செம்மஞ்சள் நிற பேக்கலைட் வெண்ணெய்ப் பேணி ஒன்று வாங்கினேன். சமையலறையில் பயன்படுத்தலாமா? பழைய நச்சுவாயுத் தடுப்பு முகமூடி ஒன்றும் கிடைத்தது, பிள்ளைகள் போட்டு விளையாடுகிறார்கள்.

பேணியில் ஊசி, நூல் போட்டு வையுங்கள், சாப்பாடு வேண்டாம். முகமூடியை இன்றே பிள்ளைகளிடமிருந்து வாங்குங்கள். பழைய வடிகட்டிகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். மீதிக் கேள்விகளுக்கு அதன் பிறகு பதில் சொல்கிறேன்.

கு. லோ., கொழும்பு: அலுமாரியில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைப்பீர்கள்?

தேங்காய்ப் போத்தல் என்று சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ஒரு பொத்தானை வைப்பேன்.

நான் இருக்கும் பக்கத்தில் லூடன்ஷைட் என்று ஒரு நகரம். பொத்தான் நகரம் என்றே அதற்குப் பெயர், தலைமுறை தலைமுறையாகப் பொத்தானும் இடுப்பு வார்க் கொளுவியும் செய்த ஊர். அங்கே ஒரு வயதான அம்மா வீட்டைக் காலிபண்ணும்போது ஒரு பிஸ்கட் பேணி நிறையப் பொத்தான்களை 1 யூரோவுக்குத் தந்தா. கண்ணாடி, சிப்பி, தகரம் எல்லாம் கலந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில், உள்ளாடைக்குத் தைக்கும் அளவில், அழுத்திய கடதாசிப் பொத்தான் ஒன்று. நாலு துளை, அதில் ஒன்றின் ஓரம் நூல் அறுத்துத் தேய்ந்திருக்கிறது. யாரோ போட்டிருக்கிறான், கழன்று விழுந்திருக்கிறது, யாரோ எடுத்துவைத்திருக்கிறார்கள்.

ஒருமுறை தோய்த்தால் தாங்குமா என்று பார்க்க எனக்கு ஆசைதான். மண்வெட்டி உறையை நினைத்து அடக்கிக்கொள்கிறேன்.